தேனில் ஈயம் இல்லை என்றால் தேனீ நலமா?

நகரத்தின் நடுவே மொட்டைமாடிகளில் தேன்பெட்டி வைப்பது இப்போது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தத் தேனைச் சோதித்தால் ஈயம், காட்மியம் எல்லாம் பெரும்பாலும் அனுமதித்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. "அப்படியென்றால் நகரத்தின் உலோக மாசு தேனீக்களை ஒன்றும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?" என்பது கேள்வி.

இல்லை. தேன் சுத்தமாக இருப்பது அதைச் சாப்பிடும் நமக்கு நல்ல செய்தி. தேனீக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேனீயின் பாடு நம் கண்ணில் படாமலே போகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த உலோகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கலாம். வாகனப் புகையை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரேக் கட்டை தேயும்போது செம்பும் பேரியமும் இரும்பும் பறக்கின்றன. டயர் ரப்பரின் எடையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் துத்தநாக ஆக்சைடு. டயர் தேயத் தேய அது சாலையோரத்தில் படிகிறது. துத்தநாகம் பூசிய கூரைத் தகடுகளிலிருந்து மழைநீரில் கரைந்து இறங்குவது வேறு. உருக்காலைகள், முலாம் பூசும் பட்டறைகள், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் இடங்கள், மின்கம்பியை எரித்துச் செம்பு எடுக்கும் இடங்கள் எல்லாம் காட்மியம், ஆர்சனிக், நிக்கல், குரோமியம் என்று தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 1920களில் விற்பனைக்கு வந்தது. கடைசி நாடாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல்தான். நிறுத்தியாகிவிட்டது, சரி. ஆனால் அந்த நூறு வருட ஈயம் எங்கும் போய்விடவில்லை. பூச்சிக்கொல்லியாக இருந்தால் வெயிலிலோ நுண்ணுயிரிகளாலோ என்றாவது சிதையும். ஈயம் ஒரு தனிமம். அது சிதைய வழியே கிடையாது. மேல்மண்ணில் தங்கி, காற்றடித்தால் எழும்பி, மழை பெய்தால் அடங்கி, காய்ந்ததும் மறுபடி எழும்பும்.

இப்போது தேனீயின் உடலைப் பாருங்கள். ஒரு தேனீயின் மேல் ஏறக்குறைய 30 லட்சம் ரோமங்கள் இருக்கின்றன. பறக்கும்போது காற்றில் உராய்ந்து அதன் உடலில் நேர்மின்னேற்றம் உண்டாகிறது. பூவில் இறங்கும்போது மகரந்தம் தானே தாவி வந்து ஒட்டிக்கொள்வதற்கு இந்த மின்னேற்றமும் ரோமமும்தான் காரணம். மகரந்தத்தைச் சேர்க்கவென்றே இயற்கை வடித்த கருவி அது. தூசும் அதே கருவியில்தான் சிக்குகிறது. இத்தாலியின் சார்டினியா தீவில் பழைய சுரங்கங்கள் உள்ள பகுதியிலிருந்து தேனீக்களை எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வு இது. நுண்தூசு உடல் முழுக்க ஒரே சீராகப் படிந்திருக்கவில்லை. முன்சிறகின் முன்விளிம்பு, தலை, பின்னங்கால் என்று சில இடங்களில் குவிந்திருந்தது. பறக்கும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பாகங்களும் உடலைத் துடைக்கப் பயன்படும் பாகங்களும்தான் இவை என்று யோசித்துப் பார்த்தால் புரியும்.

காற்று ஒரு வழி. பூவும் தண்ணீரும் அடுத்த வழிகள். செடி வேரால் உறிஞ்சிய உலோகத்தில் ஒரு பகுதி பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்து சேர்கிறது. எந்த அளவு வரும் என்பது செடிக்குச் செடி மாறும். ஒரே மண்ணில் அருகருகே நிற்கும் இரண்டு செடிகளின் மகரந்தத்தில்கூட அளவு வேறாக இருக்கும். தண்ணீருக்காகத் தேனீ சாலையோரக் குட்டையையும் கூரையிலிருந்து சொட்டும் நீரையும் தேடிப் போகும். ஒரு பயணத்தில் 50 முதல் 100 பூக்கள் வரை போய்வரும் பூச்சி அது. கூட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தூரம் வரை எல்லாப் பக்கமும் அலைகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 28 சதுர கிலோமீட்டர் பரப்பு. அந்தப் பரப்பிலுள்ள காற்று, மண், நீர், பூ எல்லாவற்றின் மாதிரியும் தினமும் ஒரே கூட்டுக்கு வந்து சேர்கிறது.

இதனால்தான் விஞ்ஞானிகள் தேனீயை மாசு அளக்கும் கருவியாகவே பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1985இல் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடலோரப் பகுதியில் தேனீ வளர்ப்பவர்களின் உதவியோடு தேனீக்களைச் சேகரித்து, ஆர்சனிக், காட்மியம், ஃபுளோரைடு ஆகியவை எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று வரைபடமே போட்டார்கள். கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரின் பல பகுதிகளிலிருந்து தேன் எடுத்துச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நகர மையத்தை நெருங்க நெருங்கத் தேனில் ஈயம் முதலான உலோகங்களின் அளவு கூடியது. ஈயத்தில் எடை சற்றே வேறுபட்ட அணுவகைகள் உண்டு, அவற்றை ஐசோடோப்பு என்பார்கள். தேனிலிருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் உள்ளூர்ப் பாறையிலுள்ள ஈயத்தோடு பொருந்தவில்லை. மனிதர்களால் வந்த ஈயம் அது என்று அதிலிருந்து தெரிந்தது. ஆனாலும் தேன் சுத்தமானதே. வரம்பைத் தாண்ட வேண்டுமானால் ஒருவர் தினமும் 600 கிராமுக்கு மேல் அந்தத் தேனைச் சாப்பிட்டாக வேண்டும்.

இதே குழு பாரிஸிலும் வேலை செய்தது. 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர் தாம் தேவாலயம் எரிந்தபோது கூரையிலும் கோபுரத்திலும் இருந்த டன் கணக்கான ஈயம் தீயில் சிக்கியது. அந்த ஜூலையில் எடுத்த தேனில், புகை போன திசையில் 5 கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு பெட்டியின் தேனில்தான் ஈயம் அதிகம்: கிராமுக்கு 0.08 மைக்ரோகிராம். தூரத்துக் கிராமப்புறத் தேனில் அது இதைவிட மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் தேனுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.10. அதாவது ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஈயக் கூரைகளில் ஒன்று எரிந்து, அந்தப் புகை படிந்த பூக்களிலிருந்து எடுத்த தேன்கூட வரம்பைத் தாண்டவில்லை!

இது எப்படி? தேனீதான் வடிகட்டி. பூந்தேனைத் தன் தேன்பையில் சுமந்து வரும் தேனீ கூட்டுக்குள் அதை இன்னொரு தேனீயின் வாய்க்கு மாற்றுகிறது, அது மற்றொன்றுக்கு மாற்றுகிறது. தேன்பைக்கும் இரைப்பைக்கும் நடுவே இருக்கும் வால்வு துகள்களைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுகிறது. கரைந்த உலோகத்திலும் ஒரு பகுதி குடல் சுவரில் தங்கிவிடுகிறது. ஒரே கூட்டிலிருந்து தேன், மெழுகு, தேனீப் பிசின் (கூட்டின் இடுக்குகளை அடைக்கத் தேனீ செடிகளிலிருந்து சேர்ப்பது), தேனீ உடல் எல்லாவற்றையும் எடுத்து அளந்த ஆய்வுகளில் தேனில்தான் உலோகம் குறைவாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. மிச்சம் தேனீயின் உடலிலும், அது கட்டிய அடையிலும், பிசினிலும் கிடக்கிறது. "தேனில் இல்லை" என்பதற்கு "தேனீ வாங்கிக்கொண்டது" என்றும் ஒரு பொருள் உண்டு. தேன் பாட்டிலின் சோதனை அறிக்கையை மட்டும் காட்டி "எங்கள் நகரம் தேனீக்கு உகந்தது" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

சரி, வாங்கிக்கொண்ட உலோகம் அதை என்ன செய்கிறது? நகரத்தில் கிடைக்கும் அளவு அதை உடனே கொல்வது அரிது. கூட்டின் வாசலில் செத்த தேனீக் குவியல் எதுவும் இருக்காது. அடிபடுவது அதன் மூளைதான், அதுவும் வெளியே தெரியாமல்.

தேனீயின் கற்கும் திறனை அளக்க ஆய்வகத்தில் ஒரு எளிய முறை இருக்கிறது. தேனீயை ஒரு சின்னக் குழாயில் அசையாமல் நிறுத்தி, ஒரு வாசனையை ஊதி, உடனே உணர்கொம்பில் சர்க்கரைப் பாகைத் தொட்டுக் காட்டுவார்கள். அது நாக்கை நீட்டும். இரண்டு மூன்று முறை ஆனதும் வாசனை வந்த உடனேயே, பாகு வருவதற்கு முன்பே நாக்கை நீட்டிவிடும். அது கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். பிறகு பாடத்தை மாற்றுவார்கள்: முதல் வாசனைக்கு இனி ஒன்றும் கிடையாது, இரண்டாவது வாசனைக்குத்தான் பாகு. வெளியே தேனீயின் வாழ்க்கையும் இப்படித்தான். காலையில் தேன் தந்த பூ மதியம் வற்றியிருக்கும். போன வாரம் பூத்த மரம் இந்த வாரம் ஓய்ந்திருக்கும். பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கத் தெரியாத தேனீ வெறும் வயிற்றோடு திரும்பும். பிரான்சில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், வெளிச்சூழலில் காணப்படும் அளவு ஈயத்தைக் கூடுகளுக்கு வாரக்கணக்கில் கொடுத்தபோது தேனீக்கள் இந்தப் பாடமாற்றத்தில்தான் தடுமாறின. அவற்றின் தலையும் சிறிதாக இருந்தது. புழுப் பருவத்தில் உணவோடு சேர்ந்த ஈயத்தின் பாதிப்பு வளர்ந்த பிறகு தலையளவில் தெரிகிறது என்பது எனக்கு மிகவும் வலித்த தகவல். அதே ஆய்வாளர்களின் மற்றொரு ஆய்வில் ஈயம், செம்பு, ஆர்சனிக் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் கற்றலைக் குறைத்தது. சேர்த்துக் கொடுத்தபோது பாதிப்பும் கூடியது. நகரத்தில் எந்த உலோகமும் தனியாக வருவதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைத்து, எல்லாமே வரம்புக்குள் இருப்பதாகச் சொல்லும் முறை இந்த இடத்தில் உதவாது.

"கசந்தால் குடிக்காமல் விட்டுவிடுமே" என்று தோன்றலாம். பூவிலிருந்து கிடைக்கும் அளவுகளில் ஈயத்தையும் ஆர்சனிக்கையும் தேனீயால் நாக்கில் உணர முடிவதில்லை. மிக அதிக அளவானால்தான் ஒதுக்குகிறது. பம்பிள்பீ எனப்படும் உடல் பருத்த தேனீக்களிடம் செய்த ஒரு சோதனையில், பூந்தேனில் நிக்கல் இருந்தால் அந்தப் பூவில் குறைந்த நேரமே தங்கி வேறு பூவுக்குப் போயின. அலுமினியம் இருந்ததை அவை பொருட்படுத்தவே இல்லை. ஆக, சில உலோகங்களுக்கு மட்டும் ஓரளவு எச்சரிக்கை உண்டு. மற்றதெல்லாம் இனிப்போடு சேர்ந்து உள்ளே போய்விடும், அங்கிருந்து புழுக்களின் வாய்க்கும்.

மாங்கனீசின் கதை வேறு மாதிரி. அது உயிருக்குத் தேவையான தனிமம்தான். அளவு கூடியபோது தேனீயின் மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் அளவு மாறியது, அவை வயதுக்கு முன்பே இரை தேடக் கிளம்பின என்று 2015இல் ஒரு ஆய்வு காட்டியது. பொதுவாகப் பணித்தேனீ முதல் இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள் புழுக்களுக்கு ஊட்டி, அடை கட்டி, காவல் காத்து, அப்புறம்தான் வெளியே போகும். வெளி வேலை ஆபத்தானது என்பதால் வாழ்வின் கடைசிக் கட்டத்துக்கென்று தள்ளிவைத்திருக்கும் ஒழுங்கு அது. முன்கூட்டிக் கிளம்பிய தேனீக்கள் போய்வந்த பயணங்களோ குறைவு. உள்ளே செவிலி வேலைக்கு ஆள் குறையும், வெளியே போனவையும் சீக்கிரம் தொலையும். ஒரு கூடு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கிறது.

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈயம் கால்சியத்தைப் போல வேடமிட்டு நரம்புகளுக்குள் நுழைகிறது. காட்மியம் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்து நொதிகளை முடக்குகிறது. தேனீயிடம் உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் புரதங்கள் உண்டு. அவற்றைத் தயாரிக்க ஆற்றல் வேண்டும், அந்த ஆற்றல் வளர்ச்சியிலிருந்தும் நோய் எதிர்ப்பிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. கலிபோர்னியாவில் முழுக் கூடுகளுக்கே உலோகம் கலந்த உணவு கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், செம்பு கொடுத்த கூடுகளில் மூடிய அறைக்குள்ளேயே இறந்துபோன கூட்டுப்புழுக்கள் அதிகம். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் காட்மியத்தை ஓரளவு உறிஞ்சித் தேனீயைக் காப்பாற்றுவதாகவும் தெரிகிறது. ஆனால் அதே காட்மியம் அந்தப் பாக்டீரியாக் கூட்டத்தின் கலவையையே மாற்றியும் விடுகிறது.

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தால், நான் மிகவும் மதிக்கும் வேலை பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் பெட்டித் தேனீயை எடுத்துக்கொள்ளவில்லை. மலைத்தேனீயைப் பின்தொடர்ந்தார்கள், உயரமான மரங்களிலும் கட்டடங்களிலும் தானாக வந்து அடை கட்டும் காட்டினம் அது. காற்று சுத்தமான இடம் முதல் மிக மோசமான இடம் வரை 1,800க்கும் மேற்பட்ட தேனீக்களைப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மாசு கூடிய இடங்களில் தேனீக்கள் பூக்களுக்கு வருவதே குறைந்திருந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் உள்ள துகள்கள் அவற்றின் உடலில் படிந்திருந்தன. இதயத்துடிப்பின் தாளம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, எதிர்ப்பு சக்தி தொடர்பான மரபணுக்களின் செயல்பாடு எல்லாமே மாறியிருந்தன. நடுத்தர, அதிக மாசுள்ள இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இறந்தன. இதில் முழுப் பழியும் உலோகத்தின் மேல் அல்ல. தூசு, புகை, வாயு எல்லாம் கலந்த நகரக் காற்றின் விளைவு அது. ஆனால் தேனீ சுவாசிப்பதும் அந்தக் கலவையைத்தான். பூவில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று நாம் சொல்லியிருப்போம். அது மறுநாளைப் பார்க்காது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி தேன் சேர்க்கும் தேனீக்களைப் பற்றியது. உண்மையில் என் கவலை அவற்றைவிட மற்றவற்றின் மேல்தான் அதிகம். உலகில் சுமார் 20,000 வகைத் தேனீக்கள் உண்டு. நமக்குத் தேன் தருபவை அதில் ஒரு கைப்பிடி. மீதியில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. ராணி, செவிலி, காவல் எதுவும் கிடையாது. ஒரே தாய் கூடு கட்டி, மகரந்த உருண்டை வைத்து, முட்டையிட்டு, அடைத்துவிட்டுப் போய்விடும். ஆயிரக்கணக்கான பணித்தேனீக்கள் உள்ள கூட்டில் நூறு தேனீ வழி தவறினால் கூடு தாங்கும். தனித்தேனீ வழி தவறினால் அந்த வம்சத்தின் கணக்கு அங்கேயே குறைகிறது. தவிர, இவற்றில் பெரும்பான்மை மண்ணுக்குள் கூடு தோண்டுபவை; சில, ஈரமண்ணைக் குழைத்து அறை கட்டுபவை. ஈயம் எங்கே தங்கியிருக்கிறது என்று சொன்னேனோ, அந்த மேல்மண்தான் இவற்றுக்குச் சுவரும் தொட்டிலும். இன்னொன்று, இவற்றில் பலவற்றின் பறக்கும் எல்லை சில நூறு மீட்டர்தான். பக்கத்தில் மண் கெட்டிருந்தால் தூரத்துத் தோட்டத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ள முடியாது.

போலந்திலும் இங்கிலாந்திலும் துத்தநாக உருக்காலைகளைச் சுற்றிய பகுதிகளில் எண்ணிப் பார்த்தார்கள். மண்ணிலும் மகரந்தத்திலும் காட்மியம், ஈயம், துத்தநாகம் கூடக் கூடக் காட்டுத் தேனீக்களின் வகையும் எண்ணிக்கையும் படிப்படியாகக் குறைந்தன. பூக்கள் இருந்தும் குறைந்தன. மண் குழைத்துக் கூடு கட்டும் ஒரு தேனீயை இப்படி மாசு படிப்படியாகக் கூடும் இடங்களில் வைத்துப் பார்த்தபோது, மாசு கூடிய இடத்தில் தாய் கட்டிய அறைகள் குறைவு, அந்த அறைகளுக்குள் செத்த குஞ்சுகள் அதிகம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து, ஆலைகள் மூடிப் போன பழைய தொழில் நகரம். அங்கே காலி மனைகளில் பம்பிள்பீ கூடுகளை வைத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், உலோகம் கூடிய இடங்களில் கூட்டின் வளர்ச்சி குன்றியது.

அந்தக் காலி மனைகள் என்னை உறுத்துகின்றன. நல்ல மனதோடு நாம் "தேனீக்களுக்காகப் பூச்செடி வைப்போம்" என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களைத்தான்: பழைய ஆலை வளாகம், சாலையின் நடுத்திட்டு, ரயில் பாதையோரம். மண் சோதனை செய்யாமல் அங்கே பூக்களை நட்டால் பசியோடு இருக்கும் தேனீயை நாமே நஞ்சுக்கு அழைத்துக்கொண்டு போகிறோம். இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சி எடுக்க சூரியகாந்தி, கடுகு போன்ற செடிகளை நடுவது ஒரு நல்ல முறை என்று பரிந்துரைக்கப்படுகிறது. மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் இரண்டுமே தேனீ விரும்பி வரும் பூக்கள். ஈயம் கலந்த மண்ணில் வளர்ந்த சூரியகாந்தியில் தேனீக்கள் குறைந்த நேரமே தங்கின என்றும் ஒரு ஆய்வு உண்டு. மண்ணைத் துப்புரவு செய்யத்தான் அவற்றை நடுகிறோம் என்றால் மொட்டு விடும்போதே தலையை வெட்டி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், முதல் வேலை மண் சோதனை. பூச்செடி வைக்கும் முன் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் மண்ணைப் பாருங்கள். மோசமாக இருந்தால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. தரைக்கு மேலே பாத்தி எழுப்பிச் சுத்தமான மண் நிரப்பி நடலாம். மட்கிய உரம் ஈயத்தைப் பிடித்துவைக்கும்; மண் அமிலமாக இருந்தால் சுண்ணாம்பு சேர்ப்பது காட்மியமும் துத்தநாகமும் செடிக்குள் ஏறுவதைக் குறைக்கும். வெறும் தரையை இலைதழையாலோ புல்லாலோ மூடினால் தூசு எழுவது குறையும். தனித்தேனீக்களுக்கென்று ஒரு மூலையில் இரண்டு மூன்று சாண் ஆழத்துக்குச் சுத்தமான மணற்பாங்கான மண்ணைப் போட்டு, அதை மட்டும் மூடாமல், கிளறாமல் விட்டுவிடுங்கள். சாலைக்கும் பூக்களுக்கும் நடுவே உயரமான வேலி அடர்ந்திருந்தால் தூசில் ஒரு பங்கு அதில் தங்கும். வாசலில் கூழாங்கல் போட்ட அகலத் தட்டில் நல்ல தண்ணீர் வைத்தால் தேனீக்கள் குட்டைக்குப் போகும் தேவை குறையும். இவை நம் கையில் இருப்பவை. உருக்காலைப் புகையும் பேட்டரி உடைக்கும் பட்டறையும் தனிமனிதர் தோட்டத்தில் தீரும் விஷயமல்ல. அங்கே சட்டமும் கண்காணிப்பும் வேண்டும்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். தேனோடு சேர்த்துத் தேனீக்களையும் அடையையும் சோதனைக்கு அனுப்புங்கள். உண்மையான அளவு அங்கேதான் தெரியும். அப்புறம் பழைய அடை. மெழுகு வருடக்கணக்கில் உலோகத்தைச் சேர்த்துவைக்கும், அதே கறுத்த அறையில்தான் தலைமுறை தலைமுறையாகப் புழு வளர்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பழைய அடைகளை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட விடுங்கள். எடுத்த மெழுகை உருக்கித் திரும்ப அடைத்தகடாக்கி அதே பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.